வேதியியல் படித்தால் வேலை கிடைக்குமா?

பேராக் மாநிலம், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்:

“வணக்கம் டீச்சர். எனக்கு எஸ்.டி.பி.எம் (ஆறாம் படிவ இறுதித் தேர்வு) முடிவு வந்துவிட்டது. சி.ஜி.பி.ஏ 4-க்கு 3.42, முவெட் ஆங்கிலத் தேர்வில் பேண்ட் 3. கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தேன். மூன்றில் வேதியியல்தான் எனக்குப் பிடித்தது. அப்பாவுக்கு 56 வயது, தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். தோட்ட வீட்டில்தான் இருக்கிறோம். தம்பி மூன்றாம் படிவம். பினாங்கில் இருக்கும் மாமா, ‘கெமிஸ்திரி படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய், கம்ப்யூட்டர் படி’ என்கிறார். நான் ஆசிரியை ஆக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. ஈப்போ கல்விக் கண்காட்சியில் ஒரு தனியார் கல்லூரி உயிர்மருத்துவ அறிவியலுக்கு இடம் தருவதாகச் சொன்னது. கழிவு போக மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 60,000 ரிங்கிட். இப்போதே 500 ரிங்கிட் கட்டி இடத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்பா தன் இபிஎஃப் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்கிறார். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு விண்ணப்பத்தில் நான் தேர்ந்தெடுத்த படிப்புகளை மாற்ற இன்னும் சில நாள்தான் இருக்கிறது. வெளியூர் போய்ப் படிக்கவும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. எதைப் படித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லுங்கள்.”

அன்புள்ள தங்கைக்கு, முதலில் அந்த 500 ரிங்கிட். இந்த வாரம் அதைக் கட்ட வேண்டாம். இன்று கட்டாவிட்டால் கழிவு போய்விடும் என்று அவசரப்படுத்துவது விற்பனைக்காரர் பேச்சு. நன்றாக நடக்கும் கல்லூரி, உங்களுக்கு யோசிக்க இரண்டு வாரம் தரும்.

அப்பாவின் பணத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 55 வயதானதும் ஊழியர் சேமநிதியில் (இபிஎஃப்) அதுவரை சேர்ந்த பணமெல்லாம் ‘அகாவுன் 55’ என்ற ஒரே கணக்குக்கு வந்துவிடும். எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்குப் பிறகு அவர் உழைத்துச் சேர்ப்பது ‘அகாவுன் எமாஸ்’ கணக்கில் சேரும். அதை 60 வயது வரை தொட முடியாது. ஆகவே அப்பா உங்களுக்காக எடுக்கப்போவது அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த தொகை. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அப்பாவுக்கு இன்னும் நான்கு ஆண்டு. நீங்கள் பட்டம் முடிக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். வேலை முடிந்தால் தோட்ட வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை வரும் என்பது தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது வாடகைக்கோ, ஒரு மலிவு விலை வீட்டின் முன்பணத்துக்கோ கையில் இருக்கப்போவது அந்தப் பணம் மட்டும்தான். படிப்புக்குக் கடன் கொடுக்க பிடிபிடிஎன் இருக்கிறது. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி வீடு தேட அப்படிக் கடன் கொடுப்பவர் யாரும் இல்லை. அப்பா அன்பால் சொல்கிறார். நீங்கள் அன்போடு மறுத்துவிடுங்கள்.

அந்த 60,000 ரிங்கிட்டைக் கடனாக வாங்கினாலும் கணக்கு இப்படித்தான் வரும். வட்டி, நிர்வாகக் கட்டணம் எதையும் சேர்க்காமல் பத்து ஆண்டில் அடைக்க மாதம் 500 ரிங்கிட் வேண்டும். முதல் சம்பளம் 2,500 என்று வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 275 ரிங்கிட் போய்விடும். கடனுக்கு 500 கொடுத்தால் மிஞ்சுவது 1,725. பட்டம் எதுவும் இல்லாத ஒருவருக்கே சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். மூன்று ஆண்டு படித்த பிறகு பினாங்கிலோ கிள்ளானிலோ அறை வாடகை கொடுத்து, மோட்டாருக்குப் பெட்ரோல் போட்டு, வீட்டுக்கும் அனுப்ப இவ்வளவுதான் இருக்கும் என்றால், அந்தப் படிப்பு அத்தனை செலவுக்குத் தகுந்ததுதானா என்று கேட்கத்தான் வேண்டும்.

உயிர்மருத்துவ அறிவியல் கெட்ட படிப்பு இல்லை. ஆனால் எஸ்.டி.பி.எம்.மில் உயிரியல் எடுக்காத ஒருவருக்கு அதை இவ்வளவு எளிதாக விற்கிறார்களே என்பது எனக்கு உறுத்துகிறது. பலர் அதை மருத்துவத்துக்குப் போகும் குறுக்குவழி என்று நினைத்துச் சேர்கிறார்கள். அது அப்படி இல்லை. முடித்த பிறகும் மருத்துவத்துக்குத் தனியாக விண்ணப்பித்து, தனியாக இடம் வாங்கி, தனியாகச் செலவு செய்ய வேண்டும். மருத்துவமனை ஆய்வகத்தில் அன்றாடச் சோதனைகளைச் செய்பவர்களில் பலர் டிப்ளோமா முடித்த மருத்துவ ஆய்வக நுட்பர்கள். 2016-ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் இந்தத் துறைகளைப் பதிவுக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆகவே அந்தக் கல்லூரியிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். இந்தப் படிப்புக்கு, உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் எம்.கியூ.ஏ.வின் முழு அங்கீகாரம் கிடைத்துவிட்டதா, இல்லை தற்காலிக அங்கீகாரம் மட்டும்தானா? இதை முடித்தவர் எந்தத் தொழிலுக்குப் பதிவு செய்துகொள்ள முடியும்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? முதல் கேள்விக்கான பதிலை நீங்களே எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் படிப்பின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கடைசிக் கேள்விக்குப் பளிச்சென்று பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம். எதைப் படித்தால் வேலை நிச்சயம்?

அப்படி ஒரு படிப்பு இல்லை. நம் வீடுகளில் நிச்சயமான வேலை என்றால் முதலில் சொல்வது டாக்டர். 2016 டிசம்பரிலிருந்து அரசாங்கம் புதிய மருத்துவர்களை ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கத் தொடங்கியது. நிரந்தரப் பதவி எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் காத்திருந்த இளம் மருத்துவர்கள் 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்தபோதே, மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்கள். ‘எண்ணெய், எரிவாயு’ என்று பெயர் போட்ட படிப்புகளும் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டன. 2014-இன் நடுவில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 100 அமெரிக்க டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே இறங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கையுறைத் தொழிற்சாலைகள் 2020-இல் ஆள் போதாமல் திண்டாடின. பெருந்தொற்று அடங்கியதும் பல உற்பத்தி வரிசைகள் நிறுத்தப்பட்டன. இன்று ‘டிமாண்ட்’ என்று சொல்லப்படுவது நீங்கள் முடித்து வரும்போது இருக்குமா என்று உங்கள் மாமாவாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

அதனால்தான் என்னிடம் வருகிற பிள்ளைகளை, படிப்பிலிருந்து வேலைக்குப் போகாமல் வேலையிலிருந்து படிப்புக்கு வரச் சொல்கிறேன். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்குங்கள். சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தையும் ஜாப்ஸ்ட்ரீட்டையும் திறந்து, ‘வேதியியல்’ என்று தேடாமல் வேலைகளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்: ஆய்வகப் பகுப்பாய்வாளர், தரக் கட்டுப்பாட்டு வேதியியலாளர், பிராசஸ் இன்ஜினியர், சுற்றுச்சூழல் அதிகாரி, ஆர் அன்ட் டி உதவியாளர். முப்பது விளம்பரங்களை உண்மையாக உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன பட்டம் கேட்கிறார்கள், டிப்ளோமா போதும் என்கிறார்களா, பதிவு ஏதும் வேண்டுமா, எந்த ஊர், என்ன மொழி, என்ன கருவி தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு, கண்காட்சியில் கொடுக்கும் எல்லாப் பளபளப்பான புத்தகங்களையும்விட உங்களுக்கு உண்மை சொல்லும்.

அதில் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் விரும்பும் பாடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

உங்கள் அப்பா வெட்டும் குலையிலிருந்தே தொடங்குவோம். பழம் அடிபட்டாலோ ஆலைக்குப் போகத் தாமதமானாலோ அதில் உள்ள கொழுப்பு சிதைந்து தனிக் கொழுப்பு அமிலம் கூடிவிடும். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் சேர்க்க லாரிகள் பறப்பது இதனால்தான். கச்சா செம்பனை எண்ணெயில் அந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான விற்பனை விதி. அதைக் கண்டுபிடிப்பது ஆலை ஆய்வகத்தில் நடக்கும், கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளவு காணும் டைட்ரேஷன். நீங்கள் ஆறாம் படிவத்தில் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு செய்தீர்களே, அதே வேலைதான். அங்கிருந்து எண்ணெய், கிள்ளான் துறைமுகம், பட்டர்வொர்த், பாசிர் கூடாங் பக்கம் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது. அதற்கடுத்தது ஒலியோகெமிக்கல் தொழில்: சோப்புக்கும் அழகுசாதனப் பொருளுக்கும் மருந்துக்கும் வேண்டிய கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் அங்கேதான் தயாராகின்றன. இந்த ஒவ்வொரு படியிலும் வேதியியல் படித்தவருக்கு இடம் உண்டு.

ஆலையின் பின்பக்கம் இருக்கும் கழிவுநீர்க் குளங்களை மறந்துவிடாதீர்கள். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி அந்தக் கழிவைச் சுத்திகரிக்கும் பொறுப்பில் தகுதிச் சான்றிதழ் பெற்றவர் இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் துறையின் பயிற்சி நிறுவனமான எய்மாஸ் அந்தச் சான்றிதழைத் தருகிறது. பட்டத்தோடு இந்தச் சான்றிதழும் வைத்திருக்கும் ஆளுக்கு மதிப்பு அதிகம். இப்படி ஒரு வேலை இருப்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. ஆலைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் தெரிவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். செம்மோர் பக்கம் கந்தானிலும் பாடாங் ரெங்காஸிலும் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக் கல் உள்ளே போவதிலிருந்து சிமெண்ட் மூட்டையாக வெளியே வருவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஆய்வகம் மாதிரி எடுத்துப் பார்க்கும். ஈப்போ, தைப்பிங் வட்டாரத்தில் கையுறைத் தொழிற்சாலைகள். ரப்பர் பாலில் எந்த இரசாயனத்தை எந்த அளவில் கலப்பது என்பது அங்கே தனிக் கலை. வடக்கே பாயான் லெப்பாஸ், கூலிமில் மின்னணுச் சில்லுத் தொழிற்சாலைகள். சில்லைக் கழுவுவது, அரிப்பது, உலோகம் பூசுவது எல்லாமே வேதியியல்தான். 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசியக் குறைகடத்தி வியூகத்தில் 60,000 பொறியியலாளர்களை உருவாக்கும் இலக்கு இருக்கிறது. அதில் முன்வரிசையில் இருப்பவர்கள் மின்னியல் படித்தவர்கள். ஆனாலும் உங்கள் பாடத்துக்கும் அந்தத் தொழிற்சாலைகளில் வேலை உண்டு.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நானும் கண்காட்சிக்காரர் போல ஆகிவிடுவேன். வெறும் வேதியியல் பட்டத்தோடு வருபவருக்கு முதல் வேலை பெரும்பாலும் ஷிஃப்டில் நிற்கும் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஒரே சோதனையை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்வீர்கள். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். டிப்ளோமா படித்தவரோடு போட்டி இருக்கும். அந்த இடத்திலேயே தேங்கி நின்றவர்களும் உண்டு, நாலைந்து ஆண்டில் ஆய்வகத்தையே நிர்வகிக்கும் நிலைக்கு வந்தவர்களும் உண்டு. மேலே வந்தவர்களிடம் நான் கவனித்தது இது: படிக்கும்போதே எச்.பி.எல்.சி, வாயு நிறப்பகுப்பு போன்ற, கலவையைப் பிரித்து அளக்கும் கருவிகளில் கை பழகியிருந்தார்கள். ஆய்வகத் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ 17025 என்றால் என்ன என்று தெரிந்து வைத்திருந்தார்கள். எக்செல்லைத் தாண்டிப் புள்ளியியல் கற்றிருந்தார்கள். தொழிற்பயிற்சிக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இடம் தேடாமல் நல்ல ஆய்வகமாகத் தேடிப் போனார்கள். ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தை எடைபோடும்போது தொழிற்பயிற்சி எத்தனை வாரம், மாணவர்களே கருவிகளைத் தொட்டு இயக்க விடுவார்களா என்று அங்கே படிக்கும் சீனியரிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். 1975-ஆம் ஆண்டின் வேதியியலாளர் சட்டப்படி இந்தத் தொழிலுக்கான அமைப்பு இன்ஸ்டிடியூட் கிமியா மலேசியா. நீங்கள் சேரும் பட்டத்தை அது உறுப்பினர் தகுதிக்கு ஏற்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ‘பயன்பாட்டு’, ‘பசுமை’, ‘தொழில்நுட்பம்’ என்று கவர்ச்சியான சொல் ஒட்டிய படிப்புகளில் இது இன்னும் முக்கியம்.

இரசாயனப் பொறியியலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் எடுத்தவர் அதை யோசிக்காமல் இருக்கக் கூடாது. தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள், அது ‘இன்னும் கொஞ்சம் அதிக வேதியியல்’ இல்லை. வெப்பம், அழுத்தம், குழாயில் திரவம் ஓடுவது, கணிதம் இவைதான் அதில் பெரும்பகுதி. சோதனைக் குழாயில் நடப்பதை ஓர் ஆலை அளவில், பாதுகாப்பாக, கட்டுப்படியாகும் செலவில் எப்படி நடத்துவது என்பதே அந்தத் துறை. சம்பளம் பொதுவாகக் கூடுதல், வேலை வகைகளும் அகலம். உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: வேதியியலில் எது பிடித்தது? கார்பன் சேர்மங்கள் எப்படி மாறுகின்றன என்று தாளில் கண்டுபிடிப்பதா, ஆய்வகத்தில் நிறம் மாறும் அந்தத் துளிக்காகக் காத்திருப்பதா, கணக்குப் போட்டு அளவு காண்பதா? கடைசியில் சொன்னது என்றால் பொறியியலைத் தயங்காமல் மேலே வையுங்கள். முதல் இரண்டில் ஒன்று என்றால் வேதியியலே உங்கள் இடம்.

பொறியியல் தேர்ந்தெடுத்தால் பெயரைக் கவனமாகப் படியுங்கள். மலாயில் ‘கெஜுருத்தெராஆன்’ (பொறியியல்) என்று இருப்பது ஒன்று, ‘தெக்னோலோஜி கெஜுருத்தெராஆன்’ (பொறியியல் தொழில்நுட்பம்) என்று இருப்பது வேறு. முதலாவது பொறியியல் அங்கீகார மன்றத்தின், பல நாடுகளும் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டு அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய முடியும். இரண்டாவது கைவேலைப் பயிற்சி அதிகம் உள்ள வேறு பாதை. அதற்குப் பதிவு வழி வேறு. இரண்டும் மதிப்பான படிப்புகள்தான். ஒன்றென்று நினைத்து இன்னொன்றில் சேர்வதுதான் பிரச்சினை, அப்படிச் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் விழித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாமா சொல்வதை அலட்சியப்படுத்த வேண்டாம். கணிதத்தில் நல்ல தேர்ச்சி உள்ள பெண் கணினி அறிவியல் படிக்கலாம், தாராளமாக. ஆனால் எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காக வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பைதான் பாடத்தைத் திறந்து ஒரு வாரம், தினமும் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். ஒரு சின்னப் பிழையைத் தேடி ஒரு மணி நேரம் போன பிறகும் எழுந்து போகத் தோன்றாவிட்டால் யோசிக்கலாம். எரிச்சலாக இருந்தால் நான்கு ஆண்டு அந்த எரிச்சலோடு வாழ வேண்டியிருக்கும். பைதான் கற்றது எப்படியும் வீண் போகாது. இன்றைய ஆய்வகத்தில் கருவி கொட்டும் தரவுகளை அலசத் தெரிந்த வேதியியலாளருக்கு மரியாதை தனி.

அம்மாவின் ஆசைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமான உப்சியில் வேதியியல் கல்வியியல் பட்டம். அதற்கு, ஆசிரியராக விரும்புபவர்களைத் தேர்ந்தெடுக்கும் மெட்சி தேர்வும் நேர்முகமும் உண்டு. இன்னொன்று, வேதியியல் பட்டம் முடித்துவிட்டு, பிறகு பட்டத்துக்குப் பிந்திய கல்வி டிப்ளோமா செய்வது. ஆசிரியர் பணி நியமனம் கல்விச் சேவை ஆணையத்தின் கையில் இருக்கிறது. முதல் பள்ளி சபாவிலோ சரவாக்கிலோ இருக்கலாம். ஆசிரியை வேலை என்றால் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பாள் என்று அம்மா நினைத்திருந்தால் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கே கற்பிப்பதில் ஆசை இருந்தால் முதல் வழி. அம்மாவுக்காக மட்டும் என்றால் இரண்டாவது வழியைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

மொழியைப் பற்றி யாரும் உங்களிடம் நேராகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த முப்பது விளம்பரங்களில் சில ‘மேண்டரின் பேசத் தெரிந்தவர்’ என்று கேட்கும். பார்த்துச் சோர்ந்து போகாதீர்கள். சீன வாடிக்கையாளரோடும் சீனத் தவுக்கேயோடும் (முதலாளியோடும்) பேச வேண்டிய சில வேலைகளுக்கு அது உண்மையிலேயே தேவை. சில இடங்களில் அது கதவை மூடும் தந்திரம் என்பதும் உண்மை. பன்னாட்டு நிறுவனங்களும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களும் பெரும்பாலும் கேட்பது ஆங்கிலம். அறிக்கை எழுதுவது, தணிக்கைக்கு வருபவரிடம் விளக்குவது எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். உங்கள் பேண்ட் 3 சேர்வதற்குப் பல படிப்புகளில் போதும், வேலைக்குப் போதாது. முவெட் ஆண்டுக்குப் பல முறை நடக்கிறது, மீண்டும் எழுதலாம். பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன் இருக்கும் மாதங்களை இதற்குக் கொடுங்கள்.

இப்போது யு.பி.யு. உங்கள் 3.42-ஐ 90 விழுக்காட்டுக்கு மாற்றினால் 76.95 வரும். இணைப்பாட நடவடிக்கைக்கு உள்ள 10 புள்ளியில் உங்களுடையதைக் கூட்டுங்கள். யு.பி.யு தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் சராசரி மெரிட் புள்ளி போட்டிருக்கும். அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு படிப்புத் தேர்வுகளையும் நிரப்புங்கள். உங்கள் கடிதத்தை வைத்து நான் அடுக்கினால் மேலே இரசாயனப் பொறியியல் இரண்டு, உங்கள் புள்ளிக்குச் சற்று மேலே இருந்தாலும் பரவாயில்லை. அடுத்து தொழில்துறை வேதியியலும் பகுப்பாய்வு வேதியியலும், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மை முன்னால் வைத்து. பினாங்கில் படித்தால் தொழிற்பயிற்சிக்கு அங்கேயே தொழிற்சாலைகள் இருக்கின்றன. பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களின் வேதியியல், அதன் பின் உப்சி, கடைசியில் புள்ளியியல். எந்த இடத்திலும், கிடைத்தால் போக மாட்டேன் என்று நினைக்கும் படிப்பை மட்டும் போடாதீர்கள். கிடைப்பது அதுவாகவே இருக்கலாம். யு.பி.யு இல்லாமல் அதே அரசுப் பல்கலைக்கழகம் நேரடியாகச் சேர்க்கும் ‘திறந்த வழி’ என்று யாராவது சொன்னால் கட்டணத்தை முதலில் கேளுங்கள். அது யு.பி.யு கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

யு.பி.யு வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்துக்குள் அடங்கும். விடுதி, சாப்பாட்டையும் சேர்த்துப் பிடிபிடிஎன் கடனில் பெரும்பாலும் சமாளிக்கலாம். கல்வி நிதிகளையும் விடாதீர்கள். உங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தாவோ அப்பாவோ பங்கு வைத்திருக்கிறார்களா என்று வீட்டில் பழைய தாள்களைப் பாருங்கள். அன்று பால்மரம் வெட்டிய கைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பணம் அது. உறுப்பினர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அப்பா வேலை செய்யும் தோட்ட நிறுவனத்துக்குக் கல்வி அறவாரியம் இருந்தால் அதையும் ஆபீஸ் கிராணியிடம் விசாரியுங்கள்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அவனுக்குப் புத்தகத்தைவிடக் கையால் செய்வது பிடிக்கும் என்றால் பாலிடெக்னிக்கைத் தோற்றவர் போகும் இடம் என்று யாரும் அவனிடம் சொல்ல விடாதீர்கள். 1969-இலிருந்து ஈப்போவில் இருக்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக் உங்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரம்தான்.

வெளியூர் பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பயம் இருப்பது இயல்பு. சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் நிற்கிறது. பட்டர்வொர்த்துக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் மாறாமல் போகலாம். முதல் ஆண்டு விடுதிக்கு விண்ணப்பியுங்கள். அதைவிட முக்கியமாக, சேர்வதற்கு முன் அம்மாவையும் அப்பாவையும் ஒரு நாள் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போங்கள். விடுதி எங்கே, சாப்பாட்டுக் கடை எங்கே, கோயில் எவ்வளவு தூரம் என்று அம்மா கண்ணால் பார்த்துவிட்டால் வீட்டில் பாதிப் பேச்சு அடங்கிவிடும். அங்கே படிக்கும் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேரோடு அவர் பேசட்டும்.

யு.பி.யு முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், கேட்டது கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். மேல்முறையீட்டுக்குச் சில நாள்தான் தருவார்கள். எந்தப் படிப்புக்கு, என்ன காரணம் காட்டி விண்ணப்பிப்பது என்று அன்றே சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அந்த முப்பது விளம்பர நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.